பெயர் பெறாத கிளைகள்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் குடும்ப மரம் வரைந்து வரும் பணி ஒன்றைக் கொடுத்திருந்தேன். மாணவி ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டியின் பெயருக்குக் கீழே ஒன்பது கிளைகளை வரைந்திருந்தாள். நான்கில் மட்டுமே பெயர்கள் இருந்தன. “மற்ற ஐவரின் பெயர் தெரியவில்லையா அம்மா?” என்று கேட்டேன். “பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாங்களாம், டீச்சர்” என்றாள்.

அன்றிரவு எனக்கு என் அப்பாயியின் நினைவு வந்தது. அவர் போருக்கு முந்தைய சிங்கப்பூரில், நகராட்சித் தொழிலாளர் லயத்தில் குடும்பம் நடத்தியவர். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் “எட்டு” என்பார். வளர்ந்தவர்கள் மூவர்தாம். அப்பாயிக்கு எண்ணத் தெரியவில்லை என்று சிறுவயதில் நான் நகைத்ததுண்டு. எண்ணத் தெரியாதவள் நான்தான் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

அந்தப் பிள்ளைகள் ஏன் பிழைக்கவில்லை? விதி என்பார்கள், அக்காலம் அப்படி என்பார்கள். வரலாறு வேறொரு விடையைத் தருகிறது.

நான்கில் ஒன்று

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் எத்தனை பேர் என்பதையே சிசு மரண விகிதம் என்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் இவ்விகிதம் பல ஆண்டுகளில் 250ஐத் தாண்டியது. அதாவது, நான்கு குழந்தைகளுள் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 1930களின் தொடக்கத்திலும் ஏறத்தாழ ஆறில் ஒன்று மடிந்தது. உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகவும், ரப்பரும் ஈயமும் கப்பலேறிய செல்வ நகரமாகவும் விளங்கிய ஊரின் நிலை இது.

ஆனால், மரணம் எல்லா வீட்டுக் கதவுகளையும் ஒரே அளவில் தட்டவில்லை. தங்ளினில் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களில் ஐரோப்பியர் வாழ்ந்தனர். சைனாடவுனின் கடைவீடுகளிலோ ஒரு மாடியைப் பலகைகளால் தடுத்துப் பல அறைகளாக்கி, அறைக்கொரு குடும்பமாக மக்கள் அடைந்து கிடந்தனர். முன்பு கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் சிம்ப்சன் இந்நகரை ஆய்ந்து, 1907இல் அறிக்கை அளித்தார். வெளிச்சமும் காற்றும் நுழையாத அறைகள், காசநோய், நெருக்கடி, கழிவகற்ற வழியின்மை ஆகியவற்றை அவர் எடுத்துரைத்தார். வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். மலவாளி சுமக்கும் முறையோ 1987வரை அந்நாட்டை விட்டு முற்றாக நீங்கவில்லை.

அக்காலப் பதிவேடுகள் இறந்த குழந்தைகளை ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் என இனவாரியாகப் பிரித்தன. தந்தையின் கூலி எவ்வளவு, ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர்க் குழாய் எத்தனை அடி தொலைவில் என்று பிரிக்கவில்லை. எதை வைத்துப் பிரிக்கிறோமோ அதையே காரணமாகக் காண்பது மனித இயல்பு. எனவே, குழந்தை இறந்தால் அந்த இனத்தின் பழக்கம், தாயின் அறியாமை, மருத்துவச்சியின் கைப்பக்குவம் என்றே அதிகாரிகள் எழுதினர். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளித்தது நன்மையே. தொப்புள்கொடி வழியே வரும் நஞ்சை அது தடுத்தது. ஆயினும், தாயைத் திருத்தினால் போதும் என்ற எண்ணம், அவள் வாழ்ந்த அறையையும் அவள் கணவனின் கூலியையும் மறைத்துவிட்டது.

டின் பாலின் கதை

1936இல் மலாயாவுக்கு மருத்துவர் ஒருவர் வந்தார். பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றியபோது, புரதக் குறைவால் குழந்தைகளைத் தாக்கும் ‘குவாஷியோர்கர்’ என்னும் நோயை 1933இல் மருத்துவ உலகுக்கு விளக்கியவர். சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தார்.

அங்கே அவர் கண்டது சீனி கலந்த டின் பால். கைக்குழந்தைக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்யப்பட்டது. தாதியரைப் போல் உடையணிந்த பெண்கள் தாய்மாரிடம் சென்று அதைப் பரிந்துரைத்தனர். அதில் சீனி மிகுதி. குழந்தை வளரத் தேவையான சத்து குறைவு. ஏழைத் தாய் அதனைச் சிக்கனம் கருதி நீரில் மேலும் கரைப்பாள். அந்த நீரைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும்; புட்டியைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டும் அவளிடம் இல்லை. பிறகு வயிற்றுப்போக்கு; பிறகு மெலிவு; பிறகு மரணம். அதே டின் வசதியான வீட்டுக்கும் சென்றது. அங்கே கொதித்த நீரும், பணிப்பெண்ணும், அழைத்தால் வரும் மருத்துவரும் இருந்தனர்.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் வில்லியம்ஸ் உரையாற்றினார். ‘பாலும் கொலையும்’ என்பதே அவ்வுரையின் தலைப்பு. குழந்தை உணவைப்பற்றிய தவறான பிரசாரத்தைக் கொலைக்கு நிகரான குற்றமாகக் கருதவேண்டும் என்று, நகரப் பெருமக்கள் கூடிய அவையிலேயே துணிந்து சொன்னார். தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கான அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது 1981இல். இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

ஏழைத் தாய் ஏன் டின் பாலை நாடினாள்? விளம்பரம் மட்டும் காரணமன்று. கூலிக்குச் செல்பவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்ய இயலாது. தீட்டிய வெள்ளையரிசியே உணவாகக் கொண்ட தாயின் பாலில் சத்துக் குறைந்து, குழந்தைக்குப் பெரிபெரி கண்டதும் உண்டு. தோட்டப்புறத்தில் நம் பாட்டிமார் விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவச் சென்றதையும் இங்கே நினைத்துப் பாருங்கள். மரத்துப் பாலுக்கு நேரம் உண்டு. தாய்ப்பாலுக்கு நேரம் இல்லை.

சிசிலி வில்லியம்ஸ் ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார். உயிர் பிழைத்து, 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

மாறியது எது?

இனி, நான் பெரிதும் வியந்த செய்தியைச் சொல்கிறேன். 1950இல் சிங்கப்பூரின் சிசு மரண விகிதம் 82. 1960இல் அது 35. பத்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழ்! அந்தப் பத்தாண்டில் மக்களின் இனம் மாறவில்லை. தாய்மாரின் அன்பும் கூடவோ குறையவோ இல்லை. பழக்கவழக்கங்களும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. மாறியவை வேறு.

1927இல் வந்த ஐடா சிமன்ஸ் என்னும் தாதி, கம்பங்களுக்கே சென்று தாய் சேய் நலப்பணியை வளர்த்திருந்தார். போருக்குப்பின், 1947இல் சமூகநலத் துறை ஏழைச் சிறுவர்களுக்கு உணவளிக்கும் நிலையங்களைத் திறந்தது. தாய் சேய் நல மருந்தகங்கள் பெருகின. புதிய மருந்துகளும் தடுப்பூசிகளும் ஏழைக் குழந்தைக்கும் எட்டின. தெக்காவுக்கு அருகில், 1924இல் 30 படுக்கைகளோடு பிரசவ மருத்துவமனையாகத் தொடங்கிய கண்டாங் கெர்பாவ், 1966இல் மட்டும் 39,835 பிரசவங்களைப் பார்த்தது. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குழாய் நீரும் கழிப்பறையும் உள்ள வீடுகளைக் கட்டத் தொடங்கியது. 1970இல் விகிதம் ஏறத்தாழ 20 ஆயிற்று. இன்று அது ஏறக்குறைய 2.

தாயைக் குறைகூறிய காலத்தில் மெல்லக் குறைந்த மரணம், தாய்க்கு வேண்டியவை கிடைத்தபோது விரைந்து குறைந்தது. இதுவே நான் கற்ற பாடம்.

நமக்கென்ன?

இது பழங்கதை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. சென்ற ஆண்டு, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாணவன் ஒருவனின் குறிப்பேட்டில், “பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று சிவப்பு மையால் எழுதினேன். பின்னர் அவன் தாயைச் சந்தித்தேன். தொழிற்சாலையில் இரவு வேலை. இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். மகன் மேசை இல்லாமல், தம்பி தங்கையருக்குச் சோறூட்டிவிட்டுத் தரையில் படுத்து எழுதுகிறான். “நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க டீச்சர், செய்யறேன்” என்றார் அந்த அம்மா. நான் தலைகுனிந்தேன். அந்தக் காலத்து அதிகாரி பதிவேட்டில் எழுதியதைத்தான் நான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.

இப்போது அவன் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்து வீட்டுப்பாடத்தை முடித்துச் செல்கிறான். அவன் கையெழுத்துகூடத் திருந்திவிட்டது.

ஆசிரியர்களே, ஒரு பிள்ளை பின்தங்கும்போது, இவன் தாய் எப்படிப்பட்டவள் என்று கேட்குமுன், இவன் வீட்டில் என்ன இல்லை என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டு மூத்தோர் உயிரோடிருக்கும்போதே, அவர்கள் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிழைத்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள்.

அந்த மாணவியின் படத்திற்கு முழு மதிப்பெண் அளித்தேன். வெறுமையாய் நின்ற ஐந்து கிளைகளையும் அழிக்கச் சொல்லவில்லை. என் வீட்டுக் குடும்ப மரத்தில், அப்பாயியின் பெயருக்குக் கீழே எட்டுக் கிளைகளை நானும் வரைந்துவிட்டேன்.