திசை காட்டிய காக்கை

தமிழகம் விட்டு மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறிய நம்மவர் எத்தனையோ பழக்கங்களைக் கைவிட்டிருக்கலாம். காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின் உண்ணும் வழக்கத்தைப் பலர் இன்னும் விடவில்லை. அங்கும் அச்சோற்றை உண்ண வருவது சாம்பற் கழுத்துடைய அதே வீட்டுக் காக்கைதான். ஆதலின் அதனை ஊரோடு ஒட்டிக் கிடக்கும் பறவையென்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், பண்டைக் காலத்தில் காக்கை மரக்கலம் ஏறிக் கடல் கடந்தது என்பதற்கு நூற்சான்றுகள் உண்டு.

பாலி மொழியில் அமைந்த தீக நிகாயத்தில், கேவட்ட சுத்தம் என்னும் பகுதியில் ஓர் உவமை வருகிறது. கரை தென்படாத நடுக்கடலில் வணிகர், கரை காணும் பறவையொன்றை அவிழ்த்து விடுகின்றனர். அது நாற்றிசையிலும் பறந்து பார்க்கிறது, மேலெழும்பியும் பார்க்கிறது. கரையைக் கண்டால் அத்திசையிலேயே போய்விடுகிறது. காணாவிடில் மரக்கலத்திற்கே மீள்கிறது. அங்கே பறவையின் பெயர் கூறப்படவில்லை. பாவேரு ஜாதகமோ அதனைத் 'திசைக் காக்கை' என்றே குறிப்பிடுகிறது.

பாவேரு என்பது பாபிலோன் என ஆய்வாளர் கருதுவர். பறவைகளே இல்லாத அந்நாட்டிற்கு இந்திய வணிகர் சென்றபோது, பாய்மரத்தின் உச்சியில் அமர்ந்திருந்த காக்கையைக் கண்டு அந்நாட்டார் வியந்தனராம். அதன் கழுத்தென்ன, அலகென்ன, மணி போன்ற கண்ணென்ன! ஒரு கஹாபணத்தில் தொடங்கிய பேரம் நூறு வரை ஏறிற்று. "இது எமக்கு மிகவும் பயன்படுவது" என்று சொல்லியே வணிகர் அதனை விற்றனர். மறுமுறை அவர்கள் மயிலைக் கொண்டுசென்று ஆயிரத்திற்கு விற்க, பொற்கூண்டிலிருந்த காக்கையைக் கவனிப்பாரில்லை. அது குப்பைமேட்டிற்குப் போயிற்று. கதை கதைதான். எனினும், பேரத்தில் வணிகர் காட்டிய தயக்கம் கடலோடிகளின் உண்மை அனுபவத்திலிருந்து வந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினியும், இலங்கை மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்துக் கலம் செலுத்துவதில்லை என்றும், பறவைகளை விட்டு அவை செல்லும் வழியே கரை சேர்வர் என்றும் எழுதியுள்ளார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. 10 மீட்டர் உயரப் பாய்மரத்தின் மேலிருப்பவனுக்கு அடிவானம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் முடிகிறது. 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் பறவைக்கோ 60 கிலோமீட்டருக்கும் அப்பால் விரிகிறது. நீரில் அமர இயலாத காக்கைக்குக் கரை வேண்டும், அல்லது கலம் வேண்டும். கீழே கலம் தெரிவதால்தான் திரும்புகிறது, அதில் அறிவு எங்கே என்று ஒருவர் கேட்கலாம். நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றைத் தன் தங்குமிடமென நினைவிற்கொண்டு வந்திறங்குவதை அறிவென்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அன்றியும், எதையும் உண்டு மனிதரிடையே கூச்சமின்றி வாழும் பறவையாதலின், கலத்தில் அதனைப் பேணுவதும் எளிதாயிருந்திருக்கும்.

பிற்காலத்திலும் காக்கையின் கடற்பயணம் நிற்கவில்லை. குப்பையை அகற்றுமென நம்பி 1890-களில் அதனைச் சான்சிபார் தீவில் விட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில், காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டுமென்று இலங்கையிலிருந்து மலேயாவின் கிள்ளானுக்குக் கொண்டுசென்றனர். எவரும் அழைக்காமல் தானே கப்பலேறிப் போன காக்கைகளும் பல. கிழக்காப்பிரிக்கத் துறைமுகமான மொம்பாசாவில் 1947-இல் அது காணப்பட்டது. அங்கே பெருகிப் பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சூறையாடவே, 2024-ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் காக்கைகளை ஒழிப்பதெனக் கென்ய வனவிலங்குத் துறை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அறிவித்தது. பொறியில் ஓரிரு காக்கைகள் சிக்கியதும் மற்றவை விழிப்படைந்து விலகிவிடுவதால், பொறியை மட்டும் நம்பாமல் நஞ்சு கலந்த இறைச்சியையும் கையாள வேண்டியதாயிற்று.