முன்கொக்கியும் பின்கொக்கியும்: பாலூட்டும் தாயின் உடைக்கு ஒரு சிறு வரலாறு

சற்று நீண்ட பதிவு. பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த இருநாள் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். மகளுக்கு ஏழு மாதம். என் அத்தை (கணவரின் தாயார்) குழந்தையுடன் விருந்தினர் விடுதியில் இருந்தார். அமர்வு முடியும் தறுவாயில் குழந்தை பசித்து அழுகிறாள் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. நான் அணிந்திருந்தது கருத்தரங்குக்கென்றே வாங்கிய புதிய குர்தா. முன்பக்கம் மூடியது, பின்பக்கம் ஜிப். பால் கொடுக்க வேண்டுமானால் உடையை முழுதாகக் கழற்றியாக வேண்டும். அரங்கத்தின் கழிவறையில், கதவில் மாட்டிய குர்தாவைப் பார்த்தபடி, மகளுக்குப் பால் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் கட்டுரை மீதான விவாதம் முடிந்திருந்தது. என் தரவுகளைக் குறித்து எழுந்த கேள்விகளுக்கு வேறொருவர் எனக்காகப் பதில் சொல்லியிருந்தார். அந்தப் பதில் தவறானது.

தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: “சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே அம்மா, நம் பெண்கள் காலங்காலமாக அப்படித்தானே வளர்த்தார்கள்.” அந்த “காலங்காலமாக” என்னும் சொல் என்னை விடவில்லை. சேலை இயல்பிலேயே பாலூட்டும் தாய்க்கு உகந்த உடையா? எந்தச் சேலை, எந்த ரவிக்கையுடன், எந்தக் காலத்தில்? இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில் தேடும் முயற்சி. ஓர் உடையின் வரலாற்றை அதன் நிறத்தையோ நெசவையோ கொண்டு எழுதுவது வழக்கம். நான் ஒன்றை மட்டும் பின்தொடர்கிறேன்: மேலாடையின் திறப்பு எங்கே இருக்கிறது?

சொற்களிலிருந்து தொடங்குகிறேன். மார்பில் அணியும் துணிக்குத் தமிழில் உள்ள பழஞ்சொற்கள் பலவும் கட்டுதலைக் குறிப்பவை. கச்சு கட்டப்படுவது. ‘மாராப்பு’ என்பது மார்யாப்பு. மார்பைச் சுற்றி யாக்கப்படுவது. ‘முந்தானை’ என்பது முன் தானை. தானை என்றால் துணி. கட்டியதை அவிழ்க்கலாம், தளர்த்தலாம், விலக்கலாம். தைத்த உடையைக் குறிக்கும் சொற்களோ பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. ‘ரவிக்கை’ தெலுங்கின் ரவிகாவோடு உறவுடையது. ‘ஜாக்கெட்’ ஆங்கிலத்தின் வழி வந்து, ஆண்களின் மேற்சட்டை என்னும் பொருளை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் பெண்களின் ரவிக்கையாக நிலைத்தது. ‘சுடிதார்’ என்பதில் உள்ள ‘சூடி’ வளையல். கணுக்காலில் வளையல்போல் மடிப்பு விழும் காற்சட்டைக்கு மட்டும் உரிய பெயர் அது. தமிழ்நாட்டில் முழு உடைக்கும் அதுவே பெயராயிற்று.

தைக்கப்படாத துணி தாய்க்கு வசதியானது என்பதில் ஐயமில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புப் படிமம் ஒன்று உள்ளது. யசோதை கண்ணனுக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். சிற்ப மரபை அப்படியே அன்றாட உடைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதை மாணவர்கள் அறிவார்கள். ஆயினும் தாய் பிள்ளைக்குப் பால் தருவது வழிபாட்டுக்குரிய காட்சியாகக் கருதப்பட்டது என்பதற்கு அப்படிமம் போதுமான சான்று.

தையல் வந்தவுடன் வசதி போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. மகாராட்டிரத்தின் பழைய சோளி முன்பக்கம் திறந்து, மார்புக்குக் கீழே முடிச்சிடப்படுவது. கர்நாடகத்தின் குளேதகுட்டாவில் நெய்யப்படும் ‘கண’ என்னும் சிறு துணி இந்தச் சோளிக்கென்றே உள்ளது. ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும். கட்ச் பகுதியின் கால்நடை வளர்க்கும் சமூகங்களில் மேலாடை முதுகுப்புறம் திறந்து நாடாக்களால் கட்டப்படுகிறது. ஆனால் முன்விளிம்பு தளர்வாக இருப்பதால் அதை உயர்த்திப் பால் கொடுக்கலாம். மேலே ஓட்னி மறைக்கும். பஞ்சாபின் அகன்ற கமீசும் அவ்வாறே. கீழிருந்து உயர்த்தினால் துப்பட்டா மற்றதைப் பார்த்துக்கொள்ளும். திறப்பு வெவ்வேறு இடத்தில் இருந்தாலும், உடுத்துபவள் ஒருநாள் தாயாவாள் என்பதை இவ்வுடைகள் அனைத்தும் கணக்கில் கொண்டிருந்தன.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கு மாறத் தொடங்குகிறது. இரண்டு இடங்களை மட்டும் பார்க்கலாம்.

முதலாவது தென் திருவிதாங்கூர். மேலோர் முன் மார்பைத் திறந்து நிற்பது மரியாதையாக விதிக்கப்பட்டிருந்த நாடு அது. இலண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த நாடார் பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கினர். இச்சொல் தமிழுக்குப் புதிதன்று. சீவகசிந்தாமணியில் மிலேச்சன் ஒருவனுடைய உடையாக வருவது. அதே சொல் இப்போது நாகர்கோவில் பகுதிப் பெண்களின் தளர்ந்த மேற்சட்டைக்குப் பெயராயிற்று. 1829ஆம் ஆண்டு அரச ஆணை குப்பாயத்தை அனுமதித்து, உயர்சாதிப் பெண்கள் அணியும் மேற்சீலையைத் தடுத்தது. 1858–59இல் கலவரங்கள் மூண்டன, துணிகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பின் 1859 ஜூலை 26 அன்று வெளியான ஆணை, நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலச் சுற்றிக் கட்டலாம், எவ்வகையிலும் மார்பை மூடலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றது.

இது மானத்துக்கான போராட்டம். அதன் பெருமையை நான் எவ்வகையிலும் குறைத்துச் சொல்லவில்லை. நான் கவனிப்பது வேறு. அந்த ஆணை துணியின் தரத்தையும் கட்டும் முறையையும் சாதியையும் பேசுகிறது. அந்தத் துணிக்குள் பசித்த பிள்ளை ஒன்று இருக்கக்கூடும் என்பதைப் பேசவில்லை. மார்பு என்பது யார் முன் மூடப்பட வேண்டும், யார் முன் திறக்கப்பட வேண்டும் என்னும் அதிகாரக் கேள்வியாக மட்டும் அங்கே நிற்கிறது.

இரண்டாவது கல்கத்தா. இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்த முதல் இந்தியரான சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி 1860களில் கணவருடன் பம்பாய் சென்றார். வங்காளத்து வீடுகளில் பெண்கள் ரவிக்கையோ உள்பாவாடையோ இன்றி ஒற்றைச் சேலை உடுத்திய காலம். அதோடு வெளியே வர இயலாது. பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையை அவர் தழுவி, முந்தானையை இடத்தோளில் இட்டார். உள்பாவாடை, மேற்சட்டை ஆகியவற்றைச் சேர்த்தார். பிரம்ம சமாசப் பெண்கள் அதை ஏற்றதால் ‘பிராமிகா சேலை’ என்று பெயர் பெற்றது. இன்று ‘இந்தியச் சேலை’ என்று நாம் கருதும் வடிவத்துக்கு இது முக்கியமான ஊற்றுகளில் ஒன்று. அந்த மேற்சட்டை விக்டோரியக் காலப் பாணியில் உயர்ந்த கழுத்தும் நீண்ட கையும் கொண்டது. பெண் வீட்டைவிட்டு வெளியே வர அந்த உடை வழிசெய்தது. அந்த வெளிக்குப் பிள்ளையையும் கொண்டுவருவாள் என்பது அதன் வடிவமைப்பில் இடம்பெறவில்லை. விக்டோரிய இங்கிலாந்திலேயே பாலூட்டுவதற்கென்று முன்மடல் வைத்த இறுக்கக் கச்சைகள் விற்பனையில் இருந்தன என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பாணி வந்தது, மடல் வரவில்லை.

இடத்தோள் முந்தானையோடு இன்னொரு சிறு பொருளும் வந்து சேர்ந்தது. முதலில் புரூச், பிறகு ஊக்கு. வளைகம்பி ஊக்குக்கு 1849இல் அமெரிக்காவில் வால்ட்டர் ஹன்ட் காப்புரிமை பெற்றார். நம் பெண்களின் வளையலிலும் தாலிச்சரட்டிலும் அது தொங்காத வீடில்லை. தோளில் மடிப்பு வைத்து ஊக்குக் குத்திய முந்தானை அழகாக நிற்கும், ஆனால் நகராது. என் பாட்டியின் முந்தானை பிள்ளையின் முகத்தின்மேல் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். பேருந்திலும் கோயில் மண்டபத்திலும் அவர் என் தாயாருக்கும் மாமாக்களுக்கும் பால் கொடுத்தது அந்த அசையும் துணியின் துணையால். கருத்தரங்குக்கு நான் கட்டும் சேலையில் ஊக்கு மூன்று.

அடுத்தது கொக்கி. தமிழ்நாட்டுத் தையற்கடையில் இன்றும் கேட்கப்படும் முதற்கேள்வி, “முன் ஹூக்கா, பின் ஹூக்கா?” என்பதே. முன்கொக்கி அன்றாடத்துக்கு, பின்கொக்கி விசேடத்துக்கு. கலியாணத்துக்குத் தைக்கும் ரவிக்கைகள் பலவும் பின்கொக்கி வைத்தவை. முன்பக்கம் வேலைப்பாட்டுக்காகத் தடையின்றி விடப்படுகிறது. பிள்ளை பிறந்ததும் பெண் அவற்றைப் பெட்டியில் வைத்துவிட்டு முன்கொக்கிக்குத் திரும்புகிறாள். ‘நல்ல உடை’, ‘தாயின் உடை’ என்னும் பிரிவினை அவளுடைய அலமாரியிலேயே நிகழ்கிறது. பேராசிரியர் சொன்ன சேலையைக் கட்டியிருந்தாலும் அன்று நான் அணிந்திருக்கக்கூடியது பின்கொக்கி ரவிக்கைதான்.

கமீசுக்கு வருவோம். பஞ்சாபிலிருந்து நாடெங்கும் பரவி, கல்லூரிப் பெண்களின் உடையாக அது நிலைபெற்றபோது அதன் வெட்டு மாறியது. அகன்றது இறுகியது, உடலோடு ஒட்டத் தைத்ததால் தலைவழியே நுழைய முதுகில் ஜிப் தேவைப்பட்டது. குறை கமீசில் இல்லை. அதைத் தைத்தவர் மனத்தில் இருந்தவள் மாணவி, தாய் அல்லள். மாணவியே தாயாகவும் இருக்கலாம் என்பது ஆயத்த ஆடைத் தொழிலுக்குத் தோன்றவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது நைட்டி. பெயரில் இரவு, அணிவது பகல். முன்புற ஜிப்பும் தளர்ந்த பருத்தியும் கொண்ட இவ்வுடை, இருபுறமும் மறைவான ஜிப் வைத்து ‘ஃபீடிங் நைட்டி’ என்னும் பெயரில் சிறுநகரக் கடைகளிலும் தொங்குகிறது. பெருந்தொகையான இந்தியத் தாய்மாருக்கு எளிதில் கிடைத்த பாலூட்டும் உடை இதுவே எனலாம். அதற்கு நேர்ந்தது என்ன? 2018இல் ஆந்திர மாநிலம் மேற்கு கோதாவரி மாவட்டத்தின் தோகலப்பள்ளியில் ஊர்ப் பெரியவர்கள் பகலில் நைட்டி அணிவதைத் தடைசெய்து, மீறினால் 2,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஊர் ஊராக இத்தகைய அறிவிப்பு வராவிட்டாலும், வாசலுக்கு வரும்போது நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தில் அதே சட்டம் எழுதாமல் உள்ளது. நைட்டியோடு நூலகத்துக்குப் போக முடியாது.

அதே 2018இல், கேரளத்தில் ஒரு பெண்கள் இதழின் அட்டையில் வெளிவந்த பாலூட்டும் படம் ஆபாசம் என்று தொடுக்கப்பட்ட வழக்கை அம்மாநில உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகக் கருதக் கூடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பணியிடத்தில் நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. ஆய்வு மாணவி அச்சட்டத்தின் பொருளில் பணியாளர் அல்லள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் அவளுக்கு ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை விடுப்பு அளித்தன. விடுப்பு முடிந்து அவள் திரும்பி வரும் நாளில், கருத்தரங்க அரங்குக்கு அருகில் ஒரு கதவும் நாற்காலியும் இருக்க வேண்டும் என்று அவ்விதிகள் சொல்லவில்லை.

இனி நடைமுறைக்கு. அன்றாடத்துக்கு அழகாகவும் பாலூட்ட வசதியாகவும் உடை தேடும் தோழியருக்கு என் தேடலில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன்: அங்கரகா. ஒரு மடல்மேல் இன்னொரு மடல் குறுக்காக வந்து, பக்கத்தில் நாடாவால் கட்டப்படும் மேலாடை. வரலாற்றில் இது பெரிதும் அரசவை ஆண்களின் உடை. இதன் உறவான ஜாமாவை முகலாயர் காலத்தில் முசுலிம்கள் வலப்புறமும் இந்துக்கள் இடப்புறமும் முடிவது வழக்கம். அதாவது ஆணின் உடையில் திறப்பு எந்தப் பக்கம் என்பது அவன் யார் என்பதைச் சொல்லும் அளவுக்குக் கவனிக்கப்பட்டது. அதே வெட்டு இன்று பெண்களின் குர்தாவாகக் கிடைக்கிறது. நாடாவைத் தளர்த்தினால் ஒரு மடல் விலகும்; மற்றது மறைக்கும். வாங்கும்போது குறுக்கு மடல் உண்மையில் திறக்கிறதா, வெறும் அலங்காரமாகத் தைத்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் தைத்து மூடியே வருகிறது. மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்து, அந்தச் சுருக்கத்தின் மறைவில் ஜிப் வைத்த குர்தாக்களும் நல்லவை. துணி பருத்தியாக, சிறு பூக்களோ கட்டங்களோ கொண்டதாக இருந்தால் பால் கசிந்த ஈரம் தெரியாது. ஒற்றை நிறத்தில், குறிப்பாக வெளிர்நிறத்தில், தெரிந்துவிடும். இதை நான் மேடையில் நின்றபடி கற்றேன்.

அடுத்த கருத்தரங்கு இரண்டு வாரத்தில். எங்கள் தெருத் தையற்காரர், என் பழைய கைத்தறிச் சேலை ஒன்றை வெட்டி அங்கரகா தைத்துத் தந்திருக்கிறார். ஒரு கையால் அவிழ்கிறதா என்று வீட்டில் மகளோடு இரண்டு நாள் ஒத்திகை பார்த்தாயிற்று. இம்முறை கேள்விகளுக்கு நானே பதில் சொல்வேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியார், கொள்ளுப்பாட்டியார் அணிந்த ரவிக்கையின் திறப்பு எங்கே இருந்தது? முடிச்சா, பொத்தானா, கொக்கியா? அதற்கு உங்கள் ஊரில், உங்கள் வீட்டு மொழியில் என்ன பெயர்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். அகராதிகளில் ஏறாத அச்சொற்களை வட்டார வாரியாகத் தொகுத்து வருகிறேன். அவற்றை அறிந்தவர்கள் முதியவர்கள். இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.