கல்லுக்குக் காவல், வீட்டுக்கு?

செஞ்சி வட்டாரத்துப் பனமலைக் குன்றின்மேல் நிற்கிறது தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்தது. பனையால் பெயர்பெற்ற மலை, வடமொழியில் தாளகிரி ஆயிற்று; பல்லவர் குலமோ, கல்வெட்டிலே அசுவத்தாமன் வழி ஆயிற்று! கோயிற் சுவரில் உமையின் ஓவியம், சிதைந்தும் எழில் குன்றாமல் இருக்கிறது. தீட்டிய கை எவருடையது? அவர் குடியிருந்த வீடு எது? விடை இல்லை. மன்னன் எழுப்பிய கல் நின்றது. மக்கள் எழுப்பிய மண் கரைந்தது.

கல்லைக் காக்கச் சட்டம் உண்டு. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. மத்திய அரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டலாம். செஞ்சிக் கோட்டையோ, 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. வரவேற்போம். ஆனால் தோழர்களே, கோட்டையின் நிழலில் வாழ்பவனின் ஓட்டு வீடும் திண்ணையும் தாழ்வாரமும் வரலாறு அல்லவா? சட்டம் அவன் வாயிலில் நின்று, “கட்டாதே” என்று மட்டும் சொன்னால் போதுமா?

போதாது என்று காட்டிய வீதி ஒன்று புதுச்சேரியிலே உண்டு. வைசியாள் வீதி என வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டி வீதி. அங்கே வீட்டு முகப்புகளும் திண்ணைகளும் செப்பனிடப்பட்டன. திட்டம் ஒரு பங்கு தந்தது. வீட்டுக்காரர் ஒரு பங்கு தந்தார். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது வந்தது. மும்பை மாநகரோ, 1995லேயே தனிக் கட்டடங்களோடு பழைய குடியிருப்புப் பகுதிகளையும் தன் நகரமைப்பு விதிக்குள் கொண்டுவந்தது. கட்டளையோடு கைப்பொருளும் சேர்ந்தால், தெருவே தன்னைக் காத்துக்கொள்ளும்.

இங்கேதான் பகுத்தறிவாளன் ஒரு கேள்வி எழுப்ப வேண்டும். அந்த வீதியின் பெயரிலேயே வருணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செஞ்சியின் சிறு குன்றொன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர், குன்றுக்கும் சாதி! திண்ணை விருந்தோம்பலின் சின்னம் என்பார்கள். அதில் அமர்ந்தவர் யார்? அத்தெருவில் நடக்கவும் இயலாது நின்றவர் யார்? வைக்கத்தில் 1924இல் போராடியது, கோயிலைச் சுற்றிய தெருவிலே நடக்கும் உரிமைக்காகத்தானே?

பழமையைக் காப்போம் என்று கூறிக்கொண்டு, அக்கிரகாரத்தை மட்டும் அளந்து, சேரியை வரைபடத்திலிருந்து துடைத்தால், அது மரபுக் காவல் ஆகாது. மனுவுக்குக் காவல் ஆகும்.

ஆகவே, விதி வேண்டும். ஊராரைக் கேட்டு எழுதிய விதி வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தமே, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணைவிதி வகுக்கச் சொல்கிறது. அது வகுக்கப்படும் நாளில் மேட்டுத்தெருவும் வரட்டும், சேரியும் வரட்டும். எவ்வளவு உயரம் கட்டலாம், எந்த முகப்பைக் காக்கலாம் என்பதை அனைவரும் அறியப் பேசட்டும். கூரை ஒழுகுபவனுக்குச் செப்பனிட உதவி கிடைக்கட்டும். குயவன் சூளையும் தறிக்காரன் குழியும் பட்டியலில் ஏறட்டும்.

சுவரைக் காப்போம், சாதிச் சுவரைத் தவிர. திண்ணையைக் காப்போம், எல்லோரும் அமர்வதற்காக.