நான்கு தடத்தில் ஓர் ஊர்

டாய் லவ் என்ற நியூசிலாந்து இசைக்குழு 1980-ல் கடல் கடந்து சிட்னிக்குப் போனது. அங்கே இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் அவர்களுடைய ஆல்பம் பதிவானது. மேடையில் கூட்டத்தை உலுக்கிய கிடார் இசைத்தட்டில் நமத்துப் போயிருந்தது. குழுவுக்கு அந்த ஒலி பிடிக்கவே இல்லை. அதே ஆண்டு குழுவும் கலைந்தது. பாடகர் கிரிஸ் நாக்ஸின் கைக்கு அதற்குப் பிறகு ஒரு பொருள் வந்து சேர்ந்தது: டீயாக் கம்பெனியின் நான்கு தட டேப் ரெக்கார்டர்.

வீட்டுப் பதிவின் வரலாறு என்றாலே பலரும் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, கேசட்டில் நான்கு தடம் பதியும் போர்ட்டாஸ்டுடியோவில் ‘நெப்ராஸ்கா’வைப் பாடி வைத்தார். நான் கொண்டாடுகிற ஆல்பம் அது. ஆனால் அவர் அப்போதே பெரிய நட்சத்திரம். எந்த ஸ்டுடியோவும் அவருக்குக் கதவைத் திறந்திருக்கும். அது ஒரு தனி மனிதரின் அறைக்குள் நடந்த கதை. அதே 1982-ல் நியூசிலாந்தில் நடந்தது வேறு. ஒருவருடைய இயந்திரம் ஓர் ஊரின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொதுவாகிப் போனது. அந்தக் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அந்த ஊர் டனீடின். தென் தீவின் தென்கிழக்குக் கரையில், ஸ்காட்லாந்துக்காரர்கள் 1848-ல் வந்து குடியேறிய குளிர் ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். பெரிய கம்பெனிகள் இருந்த ஆக்லாந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நடுவே கடல் வேறு. நாக்ஸ் 1970-களின் கடைசியில் அங்கே ‘தி எனமி’ என்ற பங்க் குழுவை நடத்தியவர். அதைப் பார்த்து வளர்ந்த பையன்களில் கில்கோர் சகோதரர்கள் ஹேமிஷும் டேவிட்டும் ‘தி க்ளீன்’ குழுவைத் தொடங்கினார்கள். மார்ட்டின் ஃபிலிப்ஸ் ‘தி சில்ஸ்’ குழுவைத் தொடங்கினார்.

1981-ல் அதே தீவின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த ரோஜர் ஷெப்பர்ட், ஃப்ளையிங் நன் என்ற சிறு லேபிளை ஆரம்பித்தார். அதில் வெளிவந்த க்ளீன் குழுவின் ‘டாலி ஹோ’ நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்தது. அது ஒரு சிறிய ஸ்டுடியோவில் பதிவானது. அடுத்து வந்த ‘பூடில் பூடில் பூடில்’ தான் திருப்பம். நாக்ஸும் ஒலிப்பதிவாளர் டக் ஹூடும் அந்த நான்கு தட இயந்திரத்திலேயே அதைப் பதிந்தார்கள். அதுவோ முதல் பத்துக்குள் போய், மாதக்கணக்கில் பட்டியலை விட்டு இறங்கவில்லை.

நான் மதுரையில் கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தவன். தட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டு ஏற்றித் தருவது, டெக்கின் ஹெட்டை, அதாவது நாடா உரசி ஓடும் காந்த முனையை, ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது, பெல்ட் மாற்றுவது எல்லாம் அன்றாட வேலை. அதனால் நாக்ஸின் இயந்திரம் எனக்குக் கண்ணில் தெரிகிறது. நல்ல ரீல் இயந்திரத்தில் பதியும் ஹெட் வேறு, ஒலிக்கும் ஹெட் வேறு. இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர். முதல் தடத்தில் பதிந்த டிரம்ஸை ஒலிக்கும் ஹெட்டில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் கிடார் வாசித்தால், நாடா அந்த இடைவெளியைக் கடக்கும் நேரத்துக்குக் கிடார் பிந்தி விழும். ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினாலும் தாளம் கெட்டது. பதியும் ஹெட்டையே பழைய தடத்துக்கு ஒலிக்கும் ஹெட்டாகவும் வேலை செய்ய வைத்ததுதான் தீர்வு. 1950-களில் கிடார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் கம்பெனி செய்த எட்டுத் தட இயந்திரத்தில் வந்த உத்தி இது. அதை வீட்டுக்கு வாங்கக்கூடிய விலைக்கு இறக்கியது டீயாக்.

தடம் நான்குதான், வாத்தியமோ அதிகம். அதனால் மூன்று தடத்தில் வாசித்ததைக் கலந்து நான்காவதில் ஏற்றுவார்கள். பிறகு அந்த மூன்றையும் அழித்து, மேலே புதிதாக வாசிப்பார்கள். கலந்த அளவு தப்பென்று மறுநாள் தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது. பேஸ் கிடார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை, குரலை இன்னும் பாடாத நிலையிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நாடாவின் ‘ஸ்’ இரைச்சலும் கூடும். அந்தத் தட்டுகளில் டிரம்ஸ் தள்ளி நிற்பதும் கிடார் முகத்துக்கு நேராக வருவதும் ஏதோ பாணி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் கேட்பது அப்படி எடுத்த முடிவுகள்.

1982-ல் அந்த இயந்திரம் கிரைஸ்ட்சர்ச்சுக்குப் போனது. டனீடினிலிருந்து சில்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், ஸ்டோன்ஸ், வெர்லெய்ன்ஸ் என்று நான்கு குழுக்கள் அங்கே வந்து ஒரு வீட்டில் பதிந்தன. இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம், குழுவுக்கு ஒரு பக்கம். ‘டனீடின் டபுள்’ என்று பெயர் பெற்ற அந்தத் தட்டுதான் ‘டனீடின் சவுண்ட்’ என்று உலகம் பின்னால் பேசியதற்கு முகவரி. பேவ்மென்ட் மாதிரியான அமெரிக்கக் குழுக்கள் வரை அதன் செல்வாக்கு போனது. நாக்ஸ் தன் பங்குக்கு, பழைய தோழர் அலெக் பாத்கேட்டோடு ‘டால் ட்வார்ஃப்ஸ்’ என்று இருவர் குழுவாகி, டிரம்மர் இல்லாமல் நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டே தாளம் உண்டாக்கினார்.

இவர்கள் யாரும் ஸ்டுடியோவுக்கே போக மாட்டோம் என்று விரதம் இருந்தவர்கள் அல்ல. சில்ஸின் ‘பிங்க் ஃப்ராஸ்ட்’ ஆக்லாந்து ஸ்டுடியோவில் பதிவானதுதான், அற்புதமான பாட்டு. ஆனால் ஒரு குழு தன் முதல் தட்டைப் பதியும்போது, அதன் சத்தத்தை ஏற்கெனவே விரும்புகிற ஒருவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பேறு! சிட்னியில் டாய் லவ்வுக்குக் கிடைக்காததை நாக்ஸ் தனக்கு அடுத்து வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 2009-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தபோது, அவர் பாட்டுகளைப் பலரும் பாடிச் சிகிச்சைக்காக ஓர் ஆல்பம் போட்டார்கள். அதில் டேவிட் கில்கோரும் இருந்தார், அமெரிக்காவிலிருந்து ஜெஃப் மாங்கமும் பாடினார்.

ஃப்ளையிங் நன்னின் மூல நாடாக்களைப் பாதுகாக்கும் வேலையில் வெலிங்டனின் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகம் இறங்கியிருக்கிறது. மனத்துக்கு நிறைவான செய்தி. அந்தக் காலத்து நாடாக்களில் சிலவற்றின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுத்தால்தான் ஓடும், அதுவும் கொஞ்ச காலத்துக்கே. அப்படி ஓடும்போது டிஜிட்டலுக்கு மாற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: அந்த இரைச்சலை வடிகட்டி எடுத்துவிடாதீர்கள். எந்த வாத்தியத்தின் கீழே ‘ஸ்’ கூடுதலாக இருக்கிறதோ, அதுதான் முதலில் வாசிக்கப்பட்டு, கலந்து ஏற்றப்பட்டது. பாட்டு எந்த வரிசையில் உருவானது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடைக்காது.