சிறைத்தொழில்

சிறையில் அடைபட்டவர்களைக் கொண்டு சிறை நிர்வாகம் செய்விக்கும் உற்பத்தி வேலைகளும் பராமரிப்பு வேலைகளும், அவற்றையொட்டி அவர்களுக்குத் தரப்படும் கைத்தொழிற் பயிற்சியும் சிறைத்தொழில் எனப்படும். இக்கட்டுரை இந்தியச் சிறைகளை, சிறப்பாகப் பழைய சென்னை மாகாணத்துச் சிறைகளைப் பற்றியது.

வகைகள்

யார் உழைக்க வேண்டும் என்பதைத் தண்டனையின் வகையே தீர்மானிக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் சிறைத்தண்டனையைக் கடுங்காவல், வெறுங்காவல் என்று பிரித்தது. கடுங்காவல் பெற்றவர் உழைத்தே ஆகவேண்டும். வெறுங்காவல் பெற்றவர் விரும்பினால் உழைக்கலாம். அவர் வேலையில் சுணங்கினால் உணவின் அளவை மாற்றலாமே தவிர வேறு தண்டனை தரக்கூடாது என்கிறது 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். விசாரணைக் கைதியைக் கட்டாயமாக வேலையில் இறக்க முடியாது. கடன் வழக்கு முதலியவற்றில் உள்ளே வந்த உரிமையியல் கைதிக்கு இவர்கள் எவருக்கும் இல்லாத சலுகை உண்டு. சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுச் செலவையும் தானே பார்த்துக்கொண்டால், சிறைக்குள் தன் தொழிலை நடத்தி வருமானம் முழுவதையும் அவரே எடுத்துக்கொள்ளலாம்.

வேலைகளையும் சிறைக் கையேடுகள் கடினம், நடுத்தரம், இலகு என்று தரம் பிரித்தன. சமையல், துப்புரவு, முடிவெட்டுதல் போன்றவை தொழிற்கூடத்தில் சேராமல் சிறைப்பணி என்ற தனிக் கணக்கில் வரும்.

வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் கைதிகள் பெரும்பாலும் மதிலுக்கு வெளியேதான் உழைத்தார்கள். கால்விலங்கோடு சாலை போடுவது அவர்களுடைய முதன்மையான வேலை. கவர்னர் ஜெனரல் அவையின் சட்ட உறுப்பினர் மெக்காலே முன்னின்று அமைக்கச் செய்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் தந்த அறிக்கையில் இதை மறுத்தது. வெளியே போகும் கைதி ஊராரோடு பேசுகிறான், கண்காணிப்பும் தளர்கிறது, தண்டனை என்ற அச்சமே போய்விடுகிறது என்பது அதன் கருத்து. வேலை மதிலுக்குள் நடக்கவேண்டும், சலிப்பூட்டுவதாகவும் இருக்கவேண்டும் என்று குழு விரும்பியது. தொழில் கற்பிப்பது அதன் எண்ணத்தில் இல்லை.

செலவுக் கணக்கு இக்கொள்கையை விரைவில் தளர்த்தியது. வங்காளத்தில் சிறைகளின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் மௌவட், சிறை தன் செலவைத் தானே ஈட்டும் தொழிற்பள்ளியாக வேண்டும் என்று வாதாடினார். நெசவு, அச்சு, கம்பளம் என்று பட்டறைகள் பெருகின. ஆக்ரா சிறைக் கைதிகள் விக்டோரியா மகாராணிக்காக நெய்த பெருங்கம்பளம் வின்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தில் இன்றும் இருக்கிறது. சிறைச்சரக்கு மலிவாகச் சந்தைக்கு வருவதாக ஐரோப்பிய ஆலை முதலாளிகள் முறையிட்டனர். அதனால், அரசுத் துறைகளுக்கு வேண்டியதையே சிறைகள் முதலில் செய்யவேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றது. தமிழ்நாட்டுச் சிறைகளில் இன்றும் சீருடைத் துணி, போலீஸ் பூட்ஸ், மருத்துவமனைக் கட்டுத்துணி, அலுவலகக் கோப்பு உறை என்றே சரக்கு அமைந்திருப்பது அந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சி.

மதிலுக்கு வெளியே வேலை வாங்குவதும் அடியோடு நின்றுவிடவில்லை. நீலகிரியின் நடுவட்டத்தில் 1860களில் சிங்கோனா தோட்டம் போடவும், லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டட வேலைக்கும் கைதிகளைக் கொண்டுசென்றார்கள். மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட சீனரும் அவர்களில் இருந்தனர். நடுவட்டத்துச் சிறைக் கட்டடம் இப்போது காட்சிக்கூடமாக இருக்கிறது.

தமிழரின் நினைவில் நிற்கும் சிறைவேலை செக்கிழுப்பதுதான். 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி நீதிபதி பின்ஹே விடுதலைப் போராட்ட வீரர் வ. உ. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவருக்கு முதலில் கிடைத்தது சணல் கிழிக்கும் இயந்திரத்தைக் கையால் சுற்றும் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தபின் மாடு இழுக்கும் செக்கில் அவரைப் பூட்டினார்கள். இதைச் செய்யுளில் எழுதிய சுயசரிதையில் அவரே பதிந்திருக்கிறார். 1910 இறுதியில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அவரைத் துன்புறுத்தவென்றே புதிதாகக் கண்டுபிடித்த கொடுமை என்று பேச்சாளர்கள் சொல்வதுண்டு. உண்மையில் அது சிறைகளின் வழக்கமான வேலைப் பட்டியலில் இருந்த ஒன்று. அந்தமான் செல்லுலார் சிறையில் செக்கில் பூட்டப்பட்டவர் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் 1894 சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, உழைக்கும் கைதியின் எடையை இரு வாரத்துக்கு ஒருமுறையாவது அவருடைய சிறைக்குறிப்புச் சீட்டில் குறிக்கவேண்டும், உடல் தாங்காத வேலையிலிருந்து மருத்துவ அதிகாரி அவரை மாற்றவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று ஆவணத்தில் ஏறியது சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான 1919–20 இந்தியச் சிறைக் குழுவின் அறிக்கையில். பயனற்ற கடுவேலையைக் குறைத்து, வெளியே போனபின் பிழைக்க உதவும் தொழிலைக் கற்றுத்தரவேண்டும் என்றது அக்குழு. இளங்குற்றவாளிகளுக்கென 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வந்தது.

கூலி

அரசமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. நீதிமன்றத் தீர்ப்பின்படி நடக்கும் கடுங்காவல் வேலை அதில் அடங்காது. ஆயினும் அந்த உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் குஜராத் வழக்கில் தீர்ப்பளித்தது. உணவு, உடைச் செலவுக்குப் பிடித்தம் செய்யலாம் என்றும், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு ஒரு பகுதியை ஒதுக்க மாநிலங்கள் சட்டம் செய்யலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இவை போக மீதிதான் கைதியின் கணக்கில் ஏறுகிறது. சமையல் ஒரு சாதிக்கு, துப்புரவு இன்னொரு சாதிக்கு என்று வேலை பிரித்த கையேட்டு விதிகள் 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதவை ஆயின.

இன்றைய நிலை

தமிழ்நாட்டு மத்தியச் சிறைகளில் நெசவு, தையல், காலணி, ரொட்டி, சோப்பு முதலிய பிரிவுகள் உள்ளன. பொருள்கள் சிறை அங்காடிகளில் ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இந்தியன் ஆயிலுடன் சேர்ந்து நடத்தும் பெட்ரோல் பங்குகளில் புழலில் உள்ள ஒன்றைப் பெண் கைதிகள் 2023 முதல் நடத்துகிறார்கள். சில சிறைகளில் ஐடிஐ பயிற்சியும் உண்டு. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். வேலை செய்யும் கடமை இவர்களுக்கு இல்லை, தண்டனைக் கைதிகளை முன்வைத்து அமைந்த தொழிற்கூடங்களில் இடமும் அரிதாகவே கிடைக்கிறது.