மட்டம் ஏறும் வேகம்: இணைய விளையாட்டுகளில் காலத்தின் விலை

கணினி விளையாட்டு பற்றி எழுதப் பத்திரிகைத் துறையில் தலைநரைத்த ஒருவருக்கு என்ன அலுவல் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். ஒரு தலைமுறை இளைஞர்கள் தம் வாழ்நாளில் எண்ணற்ற மணித்தியாலங்களை ஓரிடத்தில் செலவிட்டிருக்கிறார்கள் என்றால், அந்த மணித்தியாலங்களுக்கு அளவு வகுத்தவர் யார் என்று விசாரிப்பது செய்தியாளனின் தொழில் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வகை விளையாட்டில் ஒருவர் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்கிறார். வீரன், மந்திரவாதி, வைத்தியன் என்று அது எதுவாகவும் இருக்கலாம். பகை முடித்தாலும் இட்ட பணியை நிறைவேற்றினாலும் அனுபவப் புள்ளிகள் சேரும். குறித்த தொகை சேர்ந்ததும் பாத்திரம் அடுத்த மட்டத்துக்கு, ஆங்கிலத்தில் 'லெவல்' என்கிறார்களே அதற்கு, உயரும். இந்த ஏற்றம் எவ்வளவு வேகமாக நிகழ வேண்டும் என்பதுதான் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்கு.

மூலத்தைத் தேடினால் கணினியே இல்லாத ஒரு மேசைக்கு வந்து சேர்கிறோம். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் ஒரு வீரன் இரண்டாம் மட்டத்துக்கு 2,000 புள்ளிகளும், மூன்றாவதற்கு 4,000 புள்ளிகளும், நான்காவதற்கு 8,000 புள்ளிகளும் சேர்க்க வேண்டும். இந்த இரட்டிப்புக் கணக்கு கடுமையானதுதான். ஆனால் மேசையின் தலைமாட்டில் நடுவராக ஒரு மனிதர் இருந்தார். கூட்டாளிகள் சலித்துப்போவதைக் கண்டால் அவர் கூடுதலாக ஒரு புதையலை வழியில் வைத்துவிடுவார். கணினிக்கு அந்த இரக்கம் தெரியாது.

1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த 'எம்.யூ.டி.' தான் பலர் ஒரே வேளையில் கூடி விளையாடிய இவ்வகை உலகங்களின் மூதாதை. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. புள்ளிகள் சேரச் சேர ஒருவர் பட்டம் பட்டமாக ஏறி, இறுதியில் மந்திரவாதி ஆவார். மந்திரவாதியானவருக்கு அவ்வுலகை நிர்வகிக்கும் அதிகாரத்தில் பங்கு கிடைத்தது. ஏணிக்கு ஓர் உச்சி இருந்தது, உச்சியில் ஒரு பொறுப்பும் இருந்தது. ஆனால் மற்றொருவரோடு பொருதி மாண்டால் பாத்திரமே அழிந்துபோகும்.

வணிகம் நுழைந்ததும் கணக்கு மாறியது. 1985 இல் 'கொம்பியுசேர்வ்' வலையமைப்பில் வந்த 'ஐலண்ட் ஒஃப் கெஸ்மாய்' விளையாட்டுக்கு இணைப்பின் வேகத்தைப் பொறுத்து மணித்தியாலத்துக்கு 6 அல்லது 12 டொலர் அறவிடப்பட்டது. மட்டம் மெதுவாக ஏறினால் கட்டணம் வேகமாக ஏறும் என்பதை விளக்கத் தேவையில்லை. வாடகைக் கார்ச் சாரதி சுற்றுவழியில் போவதை நினைத்துக்கொள்ளலாம். பின்னர் மாதக் கட்டணம் வழக்கமான போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆட்கள் அடுத்த மாதமும் தங்க வேண்டுமே!

மந்த கதியின் சிகரம் 1999 மார்ச்சில் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்'. அதில் மாண்டால் சேர்த்த அனுபவம் குறையும். எட்டிய மட்டத்தையே இழக்கவும் நேரலாம். உடைமைகள் பிணத்தோடு கிடக்க, வெறுங்கையோடு போய் அவற்றை மீட்க வேண்டும். 30, 35, 40, 45 ஆகிய மட்டங்களை விளையாடியவர்கள் 'நரக மட்டங்கள்' என்றே அழைத்தார்கள். அந்த இடங்களில் பெருக்கும் எண் உயர்ந்தது. உயர்ந்த எண்ணால் அந்த மட்டத்தை மட்டுமன்றித் தொடக்கத்திலிருந்து வந்த மொத்தத் தொகையையும் பெருக்கினார்கள். பாரம் முழுவதும் அந்த ஒரே மட்டத்தின் தலையில் விழுந்தது. எண்கணிதத்தின் ஒரு சிறு கோணலால் எத்தனை இரவுகள் நீண்டிருக்கும்!

மந்திரப் பாத்திரங்கள் சக்தியை மீட்க நிலத்தில் அமர்ந்து தியானிக்க வேண்டும். 35 ஆம் மட்டம் வரை அவ்வேளையில் மந்திரப் புத்தகம் திரையை மறைத்து நிற்கும். பார்க்க எதுவுமில்லை, செய்யவும் எதுவுமில்லை. ஆகவே அவர்கள் பேசினார்கள். ஊர், தொழில், குடும்பம் என்று அந்தக் காத்திருப்பில் பிறந்த பேச்சுகள் நட்பாகின. மெத்தனத்தை வகுத்தவர்கள் இதை எண்ணி வகுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எனினும் பழைய விளையாட்டாளர்கள் இன்றும் ஏங்கி நினைப்பது மட்டங்களை அல்ல, அந்தப் பேச்சுகளைத்தான்.

காலத்துக்கு விலையும் விழுந்தது. 'எவர்குவெஸ்ட்' பாத்திரங்கள் 'ஈபே' சந்தையில் ஏலம் போயின. எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளியலாளர் 2001 இல் அந்த ஏலங்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஒரு மட்டத்தின் பெறுமதி ஏறத்தாழ 13 டொலர் என்றும், அந்த மாய நாட்டில் ஒரு மணித்தியால உழைப்பு சுமார் 3.42 டொலர் ஈட்டுகிறது என்றும் கணித்தார். ஏணியின் ஒவ்வொரு படிக்கும் விலைச்சீட்டு ஒட்டப்பட்டாயிற்று.

2004 நவம்பரில் வந்த 'வோர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' இந்தக் கடுமையைத் தளர்த்தியது. மாண்டாலும் அனுபவம் குறையாது. 60 ஆம் மட்டத்தை எட்டப் பலருக்குச் சில நூறு மணித்தியாலங்கள் போதுமாயின. வெளியீட்டுக்கு முந்திய சோதனைக் கட்டத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட முடியாது. நீண்ட நேரம் விளையாடுவோருக்கு அனுபவப் புள்ளிகளைப் பாதியாக்கினார்கள். பெருத்த ஆட்சேபம் எழுந்தது. உடனே பழைய முழு அளவுக்கு 'ஓய்வின் வெகுமதி, இருமடங்கு' என்றும், பழைய பாதி அளவுக்கு 'வழமை' என்றும் பெயர் சூட்டினார்கள். கணக்கு ஏறத்தாழ அதேதான், ஆட்சேபம் அடங்கிவிட்டது. ஆசிரிய பீடத்தில் தலைப்பு மாற்றுபவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

சீன அரசாங்கம் 2005 இல் அதே கருவியைப் பெயர் மாற்றாமல் கையில் எடுத்தது. மூன்று மணித்தியாலம் கடந்தால் புள்ளிகள் பாதி, ஐந்து கடந்தால் பூச்சியம். 2007 முதல் இது 18 வயதுக்குட்பட்டோருக்கு நடைமுறையாயிற்று. வேகத்தடையை நம்பாமலோ என்னவோ, 2021 இல் சிறுவர்களுக்கு வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் என்று நேரத்தையே அளந்து கொடுத்தது.

இதற்கிடையில் 'வோர்கிராஃப்ட்' உலகின் உச்சி மட்டம் 2007 இல் 70, 2008 இல் 80, 2010 இல் 85 என்று உயர்ந்தவண்ணம் இருந்தது. புதிதாக வருபவர் பழையவர்களை எட்டிப்பிடிக்க வேண்டுமே என்று 2007 நவம்பரில் கீழ் மட்டங்களின் ஏற்றத்தை வேகமாக்கினார்கள், பிறகும் வேகமாக்கினார்கள். 2014 இல் 60 டொலர் செலுத்தினால் நேராக 90 ஆம் மட்டத்தில் இறங்கலாம் என்றாயிற்று. ஒரு காலத்தில் கள்ளச் சந்தையில் விற்ற பண்டம் இப்போது முதலாளியின் கடையிலேயே கிடைத்தது. வழி முழுவதும் வெறிச்சோடியது. துணையில்லாமல் ஒருவன் ஓடிக் கடக்கும் வெற்று வீதியாக அது மாறியதை நான் பெரிய இழப்பாகவே காண்கிறேன். 2020 இல் எண்கள் எல்லை மீறி, 120 ஆம் மட்டத்தில் நின்றவர்களை 50 க்கு இறக்கி உச்சியை மீண்டும் 60 ஆக்க நேர்ந்தது. நாணயத்தில் பூச்சியங்களை வெட்டும் அரசுகளின் நினைவு வருகிறது.

2019 ஓகஸ்டில் பழைய வேகத்துடனேயே 'கிளாசிக்' வடிவத்தைத் திறந்தபோது, உள்ளே நுழையவே பல மணித்தியால வரிசை நின்றது. மெதுவான வழி வெறும் கட்டணத் தந்திரம் என்றால் இத்தனை பேர் அதைத் தேடித் திரும்பியிருக்கமாட்டார்கள். ஆயினும் திரும்பியவர்களில் பலர் விளையாட்டுப் பொன்னைக் கூலியாகக் கொடுத்து, பலம் மிக்க மந்திரவாதிகளின் பின்னால் சும்மா நின்றே மட்டம் ஏறிக்கொண்டார்கள் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். அவர்களுக்குத் துணை இருந்தது, பேச்சு இல்லை. 2021 இல் நிறுவனமே அங்கும் 58 ஆம் மட்டத்தை 40 டொலருக்கு விற்கத் தொடங்கியது.

2023 ஓகஸ்டில் இன்னொரு வாசலைத் திறந்தார்கள். அங்கே ஒருமுறை மாண்டால் அந்தப் பாத்திரத்தால் மீண்டும் அங்கு விளையாட முடியாது; 60 ஆம் மட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றாலும் சரிதான். விலைக்கு வாங்கும் குறுக்குவழியும் இல்லை. 1978 இன் எசெக்ஸ் விதியை ஏறத்தாழத் திரும்பக் கொண்டுவந்த அந்த உலகத்தில், முன்பு ஓடிக் கடந்த குகை வாசலில் ஐவர் கூடி நின்று, உள்ளே போவதா வேண்டாமா என்று மீண்டும் பேசத் தொடங்கினார்கள்.