சொல்லை நிறுக்கும் தராசு

சொல் ஒன்றாயினும் பொருள் பலவாதல் உண்டு. இதனை நம் நிகண்டாசிரியர்கள் நன்குணர்ந்திருந்தனர். சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி ஒரு சொற்குரிய பல பொருள்களையே தொகுத்துரைக்கின்றது. இவ்வுண்மை மறக்கப்பட்ட இடத்தில் கணிப்பொறி எங்ஙனம் இடறிற்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எழுத்திற் பொதிந்த மனப்போக்கைக் கணிப்பொறியால் அளக்கும் முயற்சி அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் 1960-களில் வளர்ந்தது. பிலிப் ஸ்டோன் என்பாரும் அவர்தம் தோழரும் சொற்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து அகராதி சமைத்து, 1966-ல் அதுபற்றி நூலும் வெளியிட்டனர். பொருள் வேறுபாட்டை ஸ்டோன் அறியாதவரல்லர்; கெல்லி என்பாருடன் கூடி 1975-ல் அதற்கெனத் தனி நூலே இயற்றினார். ஆயினும் பின்வந்தோர் பலர், அகராதியிலிருந்த 'தீய சொற்கள்' பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருளைப் பாராது சொல்லை எண்ணினர்.

விளைவு யாது? கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை ஆராய்ந்த லவ்ரன், மெக்டொனால்ட் என்னும் இருவர் 2011-ல் அதனை வெளிப்படுத்தினர். தீயவையென எண்ணப்பட்டவற்றுள் ஏறக்குறைய முக்காற்பங்கு, வாணிபத் துறையில் தீமை குறிப்பனவே அல்ல! 'டயர்' என்னும் சொல்லையே காண்க. அமெரிக்கர் எழுத்தில் அது களைப்பையும் குறிக்கும். வண்டிச் சக்கரத்து ரப்பர் டயரையும் குறிக்கும். களைப்புக்குரிய பழி சக்கரத்தின்மேல் ஏறிற்று!

இக்குறைக்கு மருந்து, சொல்லை விடுத்துப் பொருளை நிறுப்பதே. பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ஜார்ஜ் மில்லர் 1985-ல் தொடங்கிய 'வேர்ட்நெட்' ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு, இத்தாலிய அறிஞர் எசுலியும் செபாஸ்தியானியும் 2006-ல் 'சென்டிவேர்ட்நெட்' அமைத்தனர். ஒவ்வொரு பொருளுக்கும் நன்மை, தீமை, நடுநிலை என மூன்று எடைகள். மூன்றும் கூடினால் 1. 'எஸ்டிமபிள்' என்னும் சொல் 'மதிக்கத்தக்க' என்ற பொருளில் நன்மை 0.75, நடுநிலை 0.25 பெற்றது, 'கணக்கிடத்தக்க' என்ற பொருளிலோ முழுதும் நடுநிலையாயிற்று. இவ்வெடைகளை இட்டதும் கணிப்பொறியே. எனினும் அதற்கு வழிகாட்டிய விதைச் சொற்களைத் தெரிந்தெடுத்தோர் மனிதர் என்பதை மறத்தலாகாது.

நம் மொழிக்கும் இப்படிப்பினை பொருந்தும். 'நாற்றம்' என்பது முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. இன்றைய வழக்கில் அது துர்நாற்றமே. இன்றைய பொருளொன்றையே கொண்டு நிறுத்தால் பழம்புலவர் புகழுரையும் வசையாகிவிடும். அவ்வாறே, பாமரர் பேச்சறியாத அகராதியின் கையில் ஏழையின் முறையீடு புகழ்ச்சியாகவும் மாறக்கூடும்.

ஆதலால், மக்கள் கருத்து இன்னதென்று பொறி ஓர் எண்ணைக் காட்டுமாயின், "எச்சொல்லை எப்பொருளில் எண்ணினீர்?" என்று வினவுவதே அறிவுடையார் கடன்.